ஆகஸ்ட் கோர்டா: சுவர்த்தாளில் படர்ந்த கறுப்புக்குப் பெயர் வைத்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேளாண் கல்லூரியில் தாவர நோயியல் படித்தவர்கள் செய்முறை நோட்டில் இந்தப் பெயரை எழுதியிருப்பார்கள். பூஞ்சையின் இலத்தீன் பெயர், அதற்குப் பின்னால் ஒற்றைச் சொல்லாக 'கோர்டா'. அது ஊர்ப் பெயரா, ஆள் பெயரா என்று நான் கேட்டதே இல்லை. மதிப்பெண்ணுக்கு அது தேவைப்படவும் இல்லை. பல வருடம் கழித்துத் தேடிப் படித்தபோது அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாற்பது வயதைத் தொடாத ஒரு வாழ்க்கை இருப்பது தெரிந்தது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

யார் இந்தக் கோர்டா?

முழுப்பெயர் ஆகஸ்ட் கார்ல் யோசெஃப் கோர்டா. 1809 நவம்பர் 15 அன்று வட பொஹீமியாவில் ரைஷன்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊரை இன்று செக் குடியரசின் வரைபடத்தில் தேடினால் லிபெரெட்ஸ் என்று இருக்கும். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பிராகுக்கு வந்து படித்தார், அங்கேயே வேலை பார்த்தார். பூஞ்சை, ஈரற்செடி (பாசி போல ஈரத்தில் வளரும் சிறு செடி), புதைபடிவம், ட்ரைலோபைட் (எப்போதோ அழிந்துபோன ஒரு வகைக் கடல் கணுக்காலி) என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து, விவரித்து, பெயரிட்டார். 1849ல் கடலில் இறந்தார். நாற்பதாவது பிறந்தநாளை அவர் பார்க்கவில்லை.

செக்கரா, ஜெர்மானியரா?

அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து எல்லைக்கோட்டுக்குள் அடைக்கப் பார்த்தால் இப்படித்தான் சிக்கல் வரும். அவர் பிறந்தபோது பொஹீமியா ஆஸ்திரியப் பேரரசின் ஒரு பகுதி. லிபெரெட்ஸில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசினார்கள். பிராகில் படித்தவர்கள் ஜெர்மனில் எழுதினார்கள், தாவரங்களுக்கு இலத்தீனில் விளக்கம் தந்தார்கள். கோர்டாவும் அப்படித்தான். ஆனால் அவர் வாழ்ந்த மண், வேலை பார்த்த அருங்காட்சியகம், சேகரித்த காடு எல்லாமே இன்றைய செக் நாட்டில் இருக்கின்றன. அதனால் செக் அறிஞர் வரிசையில் அவரைச் சேர்ப்பதில் தவறில்லை. 'பொஹீமியக்காரர்' என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

மருத்துவம் படித்தவர் என்கிறார்களே, பூஞ்சைக்கு எப்படி வந்தார்?

பிராகில் அறுவை மருத்துவம் படித்தார் என்பது உண்மை. ஆனால் பூஞ்சையும் செடிகொடியும் அதற்கு முன்பே அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஈரற்செடிகளைப் பற்றிய அவருடைய நூல் 1829ல் வெளியாகிவிட்டது. நூரன்பர்க்கில் யாக்கோப் ஸ்டுர்ம் பதிப்பித்துவந்த ஜெர்மானியத் தாவரத் தொகுதியின் பூஞ்சைப் பகுதிக்கு அவர் எழுதி வரைந்தவை 1831ல் வந்துகொண்டிருந்தன. அப்போது அவருக்கு 21 வயது. நம்மில் பலருக்கு அந்த வயதில் அரியர் பேப்பர்தான் மிச்சம்.

அப்புறம் காலரா வந்தது. வங்காளத்திலிருந்து கிளம்பி ரஷ்யா வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த கொள்ளைநோய், 1831 இறுதியில் பொஹீமியாவை எட்டியது. நோயாளிகளைக் கவனிக்க அனுப்பப்பட்டவர்களில் கோர்டாவும் ஒருவர். நோய்க்குக் காரணம் கிருமி என்பது இன்னும் நிறுவப்படாத காலம். மருத்துவருக்குச் செய்ய அதிகம் இல்லை. அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. 1830களின் நடுவில் பிராகின் அருங்காட்சியகத்தில் விலங்கியல் பிரிவின் காப்பாளராகச் சேர்ந்துவிட்டார். 1818ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம்தான் இன்றைய செக் தேசிய அருங்காட்சியகம். அதன் முதல் தலைவர் காஸ்பார் ஸ்டெர்ன்பெர்க் பிரபு புதைந்த தாவரங்களை ஆராய்வதில் முன்னோடி. கோர்டாவின் கைத்திறனைக் கண்டு ஆதரித்தவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆக, விலங்குகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம், மனசு முழுக்கப் பூஞ்சை.

சாப்பிடும் காளான்களைத்தான் ஆராய்ந்தாரா?

இல்லை. இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார். அதே பிராகில், அதே காலத்தில், மருத்துவப் பேராசிரியர் யூலியஸ் கிராம்ஹோல்ட்ஸ் உண்ணும் காளான், நச்சுக் காளான் பற்றிப் பெரிய படத்தொகுதியை வெளியிட்டுக்கொண்டிருந்தார். மக்களுக்குப் பயன்படும் வேலை அது. கோர்டாவின் பார்வையோ காய்ந்த தண்டில் உள்ள கரும்புள்ளியில், அழுகிய பலகையில், பழைய காகிதத்தில் இருந்தது. நாம் ஊறுகாய்ப் பானையைத் திறந்து 'பூசணம் பிடிச்சிருச்சு' என்று முகம் சுளித்துக் கொட்டுகிறோமே, அந்த வகைதான் அவருடைய உலகம்.

அதற்குக் காலமும் கைகொடுத்தது. 1820, 30களில்தான் நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லைகள் கொண்ட நுண்ணோக்கிகள் பரவலாகக் கைக்கு வந்தன. அதற்கு முன்பு பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பெல்லாம் வானவில் படரும். இப்போது ஒரு வித்தின் (பூஞ்சைக்கு விதை மாதிரி இருக்கும் நுண்துகள்) சுவர், அது ஒட்டியிருக்கும் காம்பு, காம்பின் கிளை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கோர்டாவுக்குப் பார்க்கும் கண்ணும் இருந்தது, வரையும் கையும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

பெரிதானவற்றை அவர் அடியோடு விட்டுவிடவும் இல்லை. மண்ணுக்கடியில் உருண்டையாக வளரும் ஒரு பூஞ்சைக்கு 1831ல் மெலனோகாஸ்டர் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'கரிய வயிறு' என்று பொருள். வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக, கூழாக இருக்கும்.

அவருடைய முக்கிய நூல் எது?

'இதுவரை அறியப்பட்ட பூஞ்சைகளின் படங்கள்' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பில், ஐகோனஸ் ஃபங்கோரம். ஆறு தொகுதிகள். முதல் தொகுதி 1837ல் பிராகில் வந்தது. அடுத்த மூன்றும் ஆண்டுக்கு ஒன்றாக 1840 வரை, ஐந்தாவது 1842ல். ஆறாவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நண்பர் சோபெல் ஒழுங்குபடுத்தி 1854ல் வெளியிட்டார்.

இடையில் 1839ல் ஐரோப்பியப் பூசணங்களைப் பற்றிய ஒரு 'ஆடம்பரப் பதிப்பு'. அதன் தலைப்பிலேயே 'ப்ராஹ்ட்' என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது, பகட்டு, எழில் என்று சொல்லலாம். 25 வண்ணப் படப் பக்கங்கள். பூசணத்துக்கு எழில் நூலா என்று அந்தக் காலத்து ஆட்களும் சிரித்திருக்கலாம். படங்களைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். கண்ணாடி மணி கோத்த மாதிரி வித்துச் சரங்கள், கிளை விரித்த சிறு மரங்கள். ரொட்டித் துண்டின் மேல் ஒரு தோப்பு இருப்பது அப்போதுதான் புரியும்.

என்னைக் கேட்டால் வண்ணப் பதிப்பைவிட ஐகோனஸின் சிறு சிறு கோட்டோவியங்கள்தான் உசத்தி. அங்கே அழகுக்காக ஒரு கோடுகூட இல்லை.

சுவர்த்தாள் கதை என்ன?

பிராகில் ஒரு வீட்டின் சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளில் கறுப்பாக ஏதோ படர்ந்திருந்தது. கோர்டா அதைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நிமிர்ந்த காம்புகள், காம்பின் நுனியில் பருத்த சிறு கைகள், அவற்றின் மேல் கறுத்த வித்துகளின் கொத்து. 1837ல் ஐகோனஸின் முதல் தொகுதியில் அதற்கு ஸ்டாக்கிபாட்ரிஸ் ஆட்ரா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஸ்டாக்கிஸ்' என்றால் தானியக் கதிர், 'போட்ரிஸ்' என்றால் கொத்து. கதிர்க்கொத்து என்று தமிழில் சொன்னால் அப்படியே பொருந்தும். 'ஆட்ரா' கறுப்பு.

அடுத்த நூறு வருடம் அந்தப் பெயர் நிபுணர்களோடு இருந்தது. 1930களில் உக்ரைனில் குதிரைகள் வாயிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து செத்தன. பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்றதுதான் காரணம், அந்தப் பூசணம் ஸ்டாக்கிபாட்ரிஸ் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு 1993, 94ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது, நீர் புகுந்த வீடுகளில் இருந்த இதே பூசணத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. செய்திகளில் 'நச்சுக் கரும்பூசணம்' என்ற பட்டம் பிறந்தது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வுகளை மறுபடி அலசி, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது. பட்டம் மட்டும் போகவில்லை.

இன்னொன்று. இன்று இந்தப் பூஞ்சையை ஸ்டாக்கிபாட்ரிஸ் சார்ட்டாரம் என்கிறார்கள். 1818லேயே ஏரன்பெர்க் என்ற ஜெர்மானியர் காகிதத்தில் கண்ட ஒரு பூஞ்சைக்கு 'சார்ட்டாரம்', அதாவது 'காகிதங்களின்' என்று பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று கருதி, மூத்த பெயருக்கு முன்னுரிமை என்ற விதிப்படி 1958ல் ஹியூஸ் என்பவர் மாற்றினார். இனப்பெயர் (இரண்டாவது சொல்) போனாலும் கோர்டா வைத்த பேரினப் பெயர் (முதல் சொல்) நின்றது.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் வருவதும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. கறுப்பாக இருப்பதெல்லாம் ஸ்டாக்கிபாட்ரிஸ் ஆகாது. அதற்குக் காகிதம், அட்டை, வைக்கோல் மாதிரி செல்லுலோஸ் உணவு வேண்டும், அதுவும் நாள்கணக்கில் சொதசொதவென்று நனைந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு, சிமென்ட் சுவரில் படர்வது வழக்கமாக கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற வேறு ஆட்கள். நிறத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, நுண்ணோக்கி வேண்டும். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒழுகலை அடைத்துச் சுவரைக் காய வைப்பது.

நம் வயலுக்கும் கோர்டாவுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. 1831ல் ஸ்டுர்மின் தொகுதியில் அவர் ஒரு புதுப் பேரினத்தை விவரித்தார். கொத்தமல்லி, சோம்பு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்ந்த தண்டில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக இருந்தது அது. பெயர் கோலெட்டோட்ரைக்கம் லினியோலா. 'லினியோலா' என்றால் சிறு கோடு. செத்த தண்டில் இருந்த ஒன்றுக்கும் உதவாத பூசணம் என்றுதான் அப்போது யாருக்கும் தோன்றியிருக்கும்.

அந்தப் பேரினத்தில் அப்புறம் சேர்ந்தவற்றைப் பாருங்கள். கரும்பில் செவ்வழுகல் நோய் தருவது கோலெட்டோட்ரைக்கம் ஃபால்கேட்டம். கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரியும், புளித்த சாராய வாடை அடிக்கும். மிளகாயில் நுனிக்கருகலும் பழ அழுகலும் தருபவை இதன் உறவுகள். பழுத்த மாம்பழத்தோலில் குழி விழுந்து பரவும் கரும்புள்ளியும் இதே குடும்பம்தான். 2012ல் தாவர நோயியலாளர்களிடம் உலகின் முக்கியமான பத்து நோய்ப்பூஞ்சைகள் எவை என்று வாக்கெடுத்தபோது, கோலெட்டோட்ரைக்கம் எட்டாவது இடத்தில் வந்தது.

செவ்வழுகலின் கதையில் மதராஸ் மாகாணமும் வருகிறது. ஃபால்கேட்டம் இனத்தை 1893ல் ஜாவாவில் விவரித்தவர் வென்ட். அடுத்த சில வருடங்களில், 1901ல், கோதாவரி டெல்டாவில் கரும்பு அழுகுவதைப் பதிவு செய்தவர் மதராஸ் அரசின் தாவரவியலாளர் பார்பர். அதே பார்பர்தான் 1912ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் பொறுப்பாளர். இன்றுவரை 'கோ' என்று தொடங்கும் கரும்பு ரகங்கள் அங்கிருந்து வருகின்றன. செவ்வழுகலைத் தாங்குமா என்பது ஒவ்வொரு ரகத்துக்கும் வைக்கப்படும் முக்கியமான சோதனை. அதில் தேறிய ரகமும் சில வருடத்தில் தோற்கலாம், பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கிறது. வட இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த கோ 0238 செவ்வழுகலில் அடிவாங்கியது அண்மைக் கதை.

இதில் கோர்டாவுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நோயை அவர் கண்டுபிடிக்கவில்லை, மருந்தும் தரவில்லை. 'இந்த வகை வேறு' என்று முதலில் பிரித்துக் காட்டினார், அவ்வளவுதான். ஆனால் பிரித்துக் காட்டாத ஒன்றோடு யாரும் சண்டை போட முடியாது.

பூஞ்சைப் பெயருக்குப் பின்னால் ஏன் ஆள் பெயர் எழுதுகிறார்கள்?

யார் அதை முறைப்படி விவரித்தார் என்பதற்கான அடையாளம். ஒரே பெயரை இரண்டு பேர் வேறு வேறு உயிர்களுக்கு வைத்துவிடுவது உண்டு, அப்போது குழப்பம் தீர உதவும். பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே எழுத்து என்பதால் இவருடையது சுருக்கப்படாமல் முழுசாகவே நிற்கிறது.

அவர் தவறே செய்யவில்லையா?

நிறையச் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது.

ஸ்டாக்கிபாட்ரிஸின் வித்து இரண்டு அறைகள் கொண்டது என்று எழுதினார். நூறு வருடம் கழித்து, 1943ல், பிஸ்பி என்ற ஆய்வாளர் கவனமாகப் பார்த்தபோது அறை ஒன்றுதான். உள்ளே இரண்டு எண்ணெய்த் துளிகள் அருகருகே நின்று நடுவில் தடுப்பு இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கின்றன. அந்தக் காலத்து வில்லையில் யார் பார்த்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு தவறு இன்னும் சுவாரசியமானது. காளான் குடையின் அடியில் உள்ள மடிப்புகளில், வித்து தரும் செல்களுக்கு நடுவே, பெரிதாகத் துருத்திக்கொண்டு சில செல்கள் நிற்கும். பூக்களில் மகரந்தப்பை இருப்பதுபோல் காளானுக்கு இவைதான் ஆண் உறுப்பு என்று கோர்டா நம்பினார். 1834ல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். நூறு வருடம் முன்பு இத்தாலியின் மிகேலி வரைந்தவற்றை இப்படிப் பொருள்கொண்டார். இன்று அவற்றை சிஸ்டிடியா என்கிறோம். ஆண் உறுப்பும் இல்லை, மகரந்தமும் இல்லை. விளக்கம் தப்பு, ஆனால் அவர் வரைந்த செல்கள் உண்மையில் அங்கே இருந்தன. காளான் இனங்களைப் பிரித்தறிய இன்றும் அவை பெரிய துணை.

மூன்றாவது, அவசரம். சின்ன வித்தியாசம் தெரிந்தாலும் புதுப் பெயர் வைத்துவிடுவார். பின்னால் வந்தவர்கள் அவற்றில் பலவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கணக்கை நேர்செய்ய வேண்டியிருந்தது.

தேள், ட்ரைலோபைட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பிராகைச் சுற்றியுள்ள பாறைகள் புதைபடிவக் களஞ்சியம். ராட்னிட்செ பக்கம் ஹொம்லே நிலக்கரிப் படுகையில் 1834ல் ஸ்டெர்ன்பெர்க் ஒரு படிவத்தைக் கண்டெடுத்தார். கோர்டா அதை ஆராய்ந்து தேள் என்று காட்டி 1835ல் சைக்ளோஃப்தால்மஸ் சீனியர் என்று பெயரிட்டார். புதைபடிவத் தேள் ஒன்று விவரிக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1845ல் பழங்காலத் தாவரங்களைப் பற்றி 60 படப் பக்கங்களோடு ஒரு நூல்.

1847ல் இக்னாஸ் ஹாவ்லே என்பவரோடு சேர்ந்து பொஹீமிய ட்ரைலோபைட்டுகளைப் பற்றி எழுதியது வம்பில் போய் முடிந்தது. பிரெஞ்சுக்காரர் யோவாக்கிம் பாராந்த் அதே பாறைகளில் பல வருடமாக உழைத்து, பெரிய நூலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். முந்திக்கொண்டு வந்த இந்த நூலை அவர் பொறுக்கவில்லை. பாராந்த் பக்கம் நியாயம் அதிகம் என்பது என் எண்ணம். ஹாவ்லேயும் கோர்டாவும் அள்ளி வீசிய பெயர்களில் பல நிற்கவில்லை. ஆனாலும் கண்ணே இல்லாத கோனோகோரிஃபே போன்ற சில பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

எப்படி இறந்தார்?

1848ல் டெக்சஸ் போனார். அமெரிக்காவோடு சேர்ந்து மூன்று வருடமே ஆன பகுதி அது, ஜெர்மானியக் குடியேறிகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்த நேரம். அங்கே சேகரித்தவற்றோடு 1849 செப்டம்பரில் விக்டோரியா என்ற கப்பலில் திரும்பினார். அட்லாண்டிக்கில் கப்பல் காணாமல் போனது. டெக்சஸில் அவர் எதைப் பார்த்தார், எதற்குப் பெயர் வைக்க நினைத்திருந்தார் என்பதெல்லாம் அதோடு மூழ்கிவிட்டது.

அடுத்த வருடமே, 1850ல், ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஊங்கர் நிலக்கரிக் காலத்து மரங்களின் ஒரு பேரினத்துக்குக் கோர்டைட்டஸ் என்று பெயரிட்டார். வார் போல நீண்ட இலைகள் கொண்ட உயரமான மரங்கள் அவை. தொல்தாவரவியல் மாணவர்களுக்கு கோர்டா அறிமுகமாவது இந்தப் பெயர் வழியாகத்தான்.

செக் மக்களுக்குக் காளான் மேல் அவ்வளவு பைத்தியமா?

ஆமாம். கோடை முடியும்போது கூடையோடு குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போவது அங்கே ஒரு திருவிழா மாதிரி. காடு யாருடையதானாலும் சொந்தத் தேவைக்குக் காளான் பறிக்கச் சட்டமே அனுமதிக்கிறது.

அந்தக் காட்டிலிருந்து உலகத்துக்கு வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பீச் (beech) என்ற காட்டு மரத்தில் பீங்கான் மாதிரி பளபளவென்று வழுவழுப்பாக ஒரு வெள்ளைக் காளான் வளரும். பிராக் நுண்ணுயிரியல் நிறுவனத்தில் விளாடிமிர் முசிலெக் குழுவினர் அதிலிருந்து மற்றப் பூஞ்சைகளை அடக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, மியூசிடின் என்று பெயரிட்டு 1969ல் வெளியிட்டார்கள். மனிதத் தோல் நோய்க்கு மருந்தாகவும் வந்தது. 1977ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வேறொரு சிறு காளானில் கண்ட ஸ்ட்ரோபிலுரினும் இதே வகைதான். அந்தப் பொருளை வெயிலில் சிதையாதபடி வேதியியலாளர்கள் மாற்றி அமைத்ததில் வந்ததுதான் அசாக்சிஸ்ட்ரோபின். உரக்கடையில் மிளகாய்ப் பழ அழுகலுக்குக் கேட்டால் இன்று எடுத்துத் தரும் மருந்துகளில் அதுவும் ஒன்று. நோயின் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் பிராக்காரர், அதற்கான மருந்தின் மூலத்தை முதலில் கண்டவர்களும் பிராக்காரர்கள்.

அவர் சேகரித்தவை இப்போது எங்கே இருக்கின்றன?

கடலில் போகாதவற்றில் பல பிராக் தேசிய அருங்காட்சியகத்தின் உலர்தாவரச் சேமிப்பில் உள்ளன. சும்மா கண்காட்சிக்கு இல்லை, வேலைக்கு எடுக்கிறார்கள். கோலெட்டோட்ரைக்கம் பேரினத்தின் இனக்கணக்கு மரபணு யுகத்தில் ஒரே குழப்பமானபோது, எல்லாவற்றுக்கும் அடிப்படையான லினியோலா உண்மையில் எது என்ற கேள்வி எழுந்தது. ஆய்வாளர்கள் கோர்டாவின் பழைய மாதிரிக்கே திரும்பிப் போனார்கள். செக் நாட்டில் புதிதாகச் சேகரித்து வளர்த்த பூஞ்சையோடு அதை ஒப்பிட்டு, 2009ல் அந்த இனத்தை மறுபடி நிலைநிறுத்தினார்கள். 21 வயதுப் பையன் உலர்த்தி வைத்த தண்டு, 178 வருடம் கழித்து மறுபடி நுண்ணோக்கிக்கு அடியில் போனது.